மூங்கில்பள்ளத்துப் பொதுப் பங்கு

வரியன் என்ற கழுதைப்புலிக்கு மூங்கில்பள்ளம் காட்டில் ஒரு குகை இருந்தது. குகையின் பின்பக்கம் ஒரு பாறை இடுக்கு. கோடையிலும் அங்கே தண்ணீர் கசியும். அந்த ஈரத்தில் ஒரு கொடி படர்ந்திருந்தது. காயம், சீழ், வயிற்றுவலி, காய்ச்சல் எல்லாமே அந்தக் கொடியின் இலைக்குக் கட்டுப்படும். ஆனால் இடுக்குக்குள் போக வேண்டுமானால் வரியனின் குகையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அதே இடுக்கில், பார்க்க அச்சாக அதே மாதிரி இருக்கும் நச்சுக்கொடிகளும் பின்னிக் கிடந்தன. எது மருந்து, எது நஞ்சு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் தேனாண்டி ஒருவர்தான். அவர் ஒரு கரடி. காட்டுக்கே வைத்தியர்.

தேனாண்டி இலை பறித்துக் கொடுப்பார். வரியன் வாசலில் உட்கார்ந்து விலை சொல்வான். கிழங்கு, பழம், மீன், முட்டை என்று எது வந்தாலும் வாங்கிக்கொள்வான். விலைக்கு அவன் வைத்திருந்த அளவு ஒன்றே ஒன்றுதான். வலி எவ்வளவு பெரிதோ, விலையும் அவ்வளவு பெரிது!

ஒருநாள் கெண்டையன் என்ற நீர்நாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“வரியண்ணா, ஒரு மீன் தருகிறேன். இலை கொடு!”

“ஒரு மீனா? நேராக நிற்கக்கூட உன்னால் முடியவில்லையே! இன்றைக்குப் பிடித்ததை எல்லாம் கொண்டு வா!”

“கொஞ்சம் குறைக்கக் கூடாதா?”

“தாராளமாகக் குறைக்கலாம். வேறு குகையில் விசாரித்துவிட்டு வாயேன்!” என்று சிரித்தான் வரியன்.

வேறு குகை ஏது? மாம்பழம் கிடைக்கவில்லை என்றால் நாவல்பழம் தின்று போய்விடலாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுகிறவன் என்ன செய்வான்? கெண்டையன் எல்லா மீனையும் கொடுத்தான்.

தேனாண்டி கெட்டவர் அல்லர். ஆனால் இலை விற்க விற்க வரியன் அவருக்குத் தேனடை கொடுத்தான். கொஞ்சம் இலை போனால் சின்ன அடை. கட்டுக் கட்டாகப் போனால் பெரிய அடை. அதனால் ஓர் இலை போதும் என்ற இடத்தில் வைத்தியர் ஒரு கட்டு வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார். அணில் தும்மினால் ஒரு கட்டு. மயில் கொட்டாவி விட்டால் ஒரு கட்டு.

“அதிகம் தின்றால் கெடுதல் ஒன்றும் இல்லையே!” என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அந்தக் காட்டில் முள்ளாயி என்ற முள்ளம்பன்றியும் அவள் புருஷன் கூரானும் ஒரு வளையில் வாழ்ந்தார்கள். ஒருநாள் கிழங்கு தோண்டும்போது வெட்டுப்பட்ட மூங்கில் முனை கூரானின் காலில் ஏறிவிட்டது. விடிந்தபோது கால் வீங்கி, தொட்டால் கொதித்தது.

முள்ளாயி ஒரு குவியல் கிழங்கோடு வரியனிடம் ஓடினாள்.

“ஒரு கட்டு இலை வேண்டும். அதற்கு இது போதாது. மழைக்காலத்துக்கு என்று சேர்த்து வைத்திருப்பாயே, அதையும் கொண்டு வா!” என்றான் வரியன்.

முள்ளாயி வாதாடவில்லை. திரும்பி ஓடினாள். சேர்த்து வைத்த கிழங்கை எல்லாம் இழுத்து இழுத்துக் கொண்டு வந்து சேர்ப்பதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது.

“இப்போது எப்படி இருக்கிறான்?” என்று வரியன் கேட்டான்.

“வீக்கம் தொடைக்கு ஏறிவிட்டது. சீக்கிரம் கொடு!”

“அப்படியா! காலையில் சொன்ன விலை காலில் இருந்த வீக்கத்துக்கு. தொடை வீக்கத்துக்கு அது எப்படிப் பொருந்தும்? உன் வளையின் மேல்வாசலையும் எனக்கே விட்டுக்கொடுத்துவிடு. பொருள் வைக்க இடம் இல்லாமல் கஷ்டப்படுகிறேன்.”

“எடுத்துக்கொள்! வளையையே எடுத்துக்கொள்! இலையைக் கொடு!”

வரியன் அவள் சொன்னதை இன்னொரு முறை சொல்லவைத்தான். பிறகு, கொண்டு வந்த கிழங்கை ஒவ்வொன்றாக மோந்து பார்த்தான். அழுகல் இருந்தால் ஒதுக்கினான். எல்லாம் முடிந்த பிறகே இலை கைக்கு வந்தது.

முள்ளாயி வளைக்குப் போனபோது கூரானுக்கு வாய் திறக்க முடியவில்லை. இலையை மென்று அவன் வாய்க்குள் வைத்தாள். அது அப்படியே இருந்தது. வெளிச்சம் மங்குவதற்கு முன்னாலேயே கூரான் போய்விட்டான்.

மறுநாள் காலையில் வளை வாசலில் யாரோ மோப்பம் பிடிக்கும் சத்தம் கேட்டது. முள்ளாயி வெளியே வந்தாள். வரியன் நின்றுகொண்டிருந்தான்.

“துக்கம் விசாரிக்க வந்தேன், முள்ளாயி.”

அவன் வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது.

முள்ளாயி அதைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது.

“வரியா! என் புருஷன் பிழைத்திருந்தால் என் கிழங்கு உனக்குச் சாப்பாடு. அவன் செத்ததால் அவனே உனக்குச் சாப்பாடு. பிழைத்தாலும் உன் வயிறு நிறைகிறது, செத்தாலும் நிறைகிறது. அப்புறம் நீ எதற்காக அவசரப்படப் போகிறாய்? உன் வாசலில் போய் இந்தக் காடு தன் மருந்தை வைத்திருக்கிறதே!”

“காட்டு வழக்கம் அப்படி. நான் என்ன செய்ய?”

“அந்த வழக்கத்தை மாற்றிக் காட்டுகிறேன். இப்போது போய்விடு!”

“வளையின் மேல்வாசல் என்னுடையது. மறந்துவிட்டாயா?” என்று வரியன் ஒரு காலை உள்ளே வைத்தான்.

முள்ளாயி திரும்பி முதுகைக் காட்டினாள். முட்கள் அத்தனையும் சிலிர்த்துக்கொண்டு நின்றன. கலகலவென்று அவை ஆடிய சத்தம் மூங்கில் தோப்பு வரைக்கும் கேட்டது. அவள் பின்பக்கமாகவே ஒரே பாய்ச்சல் பாய்ந்தாள்.

“ஐயோ, என் மூக்கு!” என்று அலறிக்கொண்டு வரியன் ஓடினான்.

முள்ளாயி கூரானை மண்ணால் மூடினாள். வளையை அடைத்தாள். அழுதாளா என்று யாரும் பார்க்கவில்லை. மத்தியானம் அவள் குளத்தங்கரைக்கு வந்தாள். கோடையில் எல்லா விலங்கும் தண்ணீருக்கு வரும் நேரம் அது.

தேனாண்டியும் அங்கே இருந்தார். முள்ளாயி நேராக அவரிடம் போனாள்.

“வைத்தியரே, என் புருஷன் பிழைக்க எத்தனை இலை வேண்டியிருந்தது?”

தேனாண்டி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “காலையிலேயே கொடுத்திருந்தால், ஒன்று போதும்” என்றார்.

“ஒன்றா? ஒரு கட்டு வேண்டும் என்றல்லவா வரியன் சொன்னான்!”

“கட்டாகப் போனால்தான் எனக்குப் பெரிய அடை கிடைக்கும், முள்ளாயி.” தேனாண்டிக்கு அவமானமாக இருந்தது. பிறகு கோபமும் வந்தது. “நான் மட்டும் காற்றைக் குடித்து வாழ முடியுமா? நோயாளி வந்தால்தான் எனக்குச் சாப்பாடு! நீங்கள் எல்லாரும் நலமாக இருந்தால் நான் பட்டினி!”

சுற்றி நின்றவர்கள் கொதித்தார்கள். கெண்டையன் பல்லைக் காட்டிக்கொண்டு முன்னால் வந்தான். முள்ளாயி அவனைத் தடுத்தாள்.

“இரு! வைத்தியர் உண்மையைத்தான் சொல்கிறார். நாம் நலமாக இருந்தால் அவருக்குப் பட்டினி. நாம் படுத்தால் அவருக்கு விருந்து. இப்படி வைத்திருப்பது யார்? நாம்தானே! இதைத் தலைகீழாகப் புரட்டிப் போடுவோம்!”

“எப்படி?”

“இந்த மருதமரத்தடியில் ஒரு பெரிய பொந்து இருக்கிறது. நலமாக இருக்கிற ஒவ்வொருவரும் தேடியதில் ஒரு பங்கை இதில் போடுவோம். நோய் வந்தவர் எதுவும் போட வேண்டாம். வைத்தியருக்கு அன்றாடம் இதிலிருந்தே சாப்பாடு. நோயாளி வந்தாலும் சரி, ஒருவருமே வராவிட்டாலும் சரி, அவர் வயிறு நிறையும். அப்புறம் நாம் படுக்க வேண்டும் என்று அவர் ஏன் நினைக்கப் போகிறார்?”

பஞ்சன் என்ற முயல் தயங்கித் தயங்கிக் கேட்டான். “அக்கா, என்னிடம் புல்தானே இருக்கிறது?”

“புல்லே போடு! யானை போடுகிற அளவை உன்னிடம் யார் கேட்டார்கள்?”

அப்போது ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது. மலையன் என்ற காட்டெருமை குளத்திலிருந்து தலையைத் தூக்கினான். அவன் தோளைப் பார்த்தால் பாறையைப் பார்த்த மாதிரி இருக்கும்.

“நான் பிறந்ததிலிருந்து ஒருநாளும் படுத்ததில்லை. இந்தச் சொறி பிடித்த முயலுக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?”

“இன்றைக்கு நீ நலம். நாளைக்கு எப்படியோ, யாருக்குத் தெரியும்?” என்றாள் முள்ளாயி.

“எனக்குத் தெரியும்!” என்று சொல்லிவிட்டு மலையன் நடந்தான். அவன் பின்னாலேயே காட்டுப்பன்றியும் கலைமானும் போனார்கள். பலசாலிகள் எல்லாரும் போய்விட்டார்கள். குளத்தங்கரையில் முயலும் அணிலும் நீர்நாயும் மயிலும் நொண்டிக் குரங்கும்தான் மிச்சம்.

“இவ்வளவு பேர் போதுமா?” என்று கெண்டையன் கேட்டான்.

“போதாதுதான். அதற்காக விட்டுவிடுவதா?” என்று கேட்டுவிட்டு முள்ளாயி தேனாண்டி பக்கம் திரும்பினாள். “வைத்தியரே, வாருங்கள். குகைக்குப் போவோம். அந்தக் கொடியை இங்கே நட வேண்டும்.”

“அது அந்த இடுக்கைத் தவிர வேறெங்கும் வளராது.”

“அதை யார் சொன்னது?”

தேனாண்டி யோசித்தார். “வரியன் சொன்னான்” என்றார். சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. எழுந்து நடந்தார்.

குகை வாசலில் வரியன் மறித்தான். “இது என் குகை! என்னைக் கேட்காமல் யாரும் உள்ளே போக முடியாது!”

“குகை உன்னுடையது. கொடி யாருடையது? நீ நட்டாயா? ஒருநாள் தண்ணீர் விட்டாயா?” என்றாள் முள்ளாயி. முதுகை அவன் பக்கம் திருப்பிக்கொண்டு, முட்களைச் சிலிர்த்தபடி, பின்னோக்கி நடந்தே உள்ளே போனாள்.

“வைத்தியரே! பெரிய அடை தருகிறேன்! இருப்பதிலேயே பெரிய அடை!”

தேனாண்டி நின்றார். ஆனால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. “வழி விடு, வரியா” என்றார். அவர் நிமிர்ந்து நின்றபோதுதான் தன்னைவிட அவர் எவ்வளவு பெரிய உருவம் என்பது வரியனுக்கு உறைத்தது. அவன் ஒதுங்கினான்.

வேரோடு சில துண்டுகளை மட்டும் எடுத்து வந்து குளத்தின் நிழல் பக்கம் நட்டார்கள். பாதித் துண்டுகள் கருகிப் போயின. கெண்டையன் வாயில் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினான். மீதி பிழைத்துத் தளிர்விட்டது.

வைத்தியமும் மாறியது. கட்டுக் கட்டாகச் சொன்ன தேனாண்டி இப்போது ஓர் இலை சொன்னார். பல நேரம் இலையே சொல்லவில்லை. “கலங்கல் தண்ணீரைக் குடிக்காதே!”, “அந்த ஈர வளையை விட்டு மேட்டில் போய்ப் படு!” என்று விரட்டினார். யாருக்கும் எதுவும் வராமல் இருந்தால் அவருக்கும் நிம்மதிதானே!

சும்மா கிடைக்கிறது என்பதற்காக அணில் அடிக்கடி வந்து நின்றான். “வைத்தியரே, இன்றைக்குக் காது குடைகிறது! வைத்தியரே, இன்றைக்கு வால் வலிக்கிறது!” தேனாண்டி வேப்பம்பட்டையை இடித்து ஒரு கஷாயம் கொடுத்தார். அதற்குப் பிறகு அணிலின் வால் வலிக்கவே இல்லை.

ஆனால் பொந்து நிறையவில்லை. போடுகிறவர்கள் எளியவர்கள். அவர்களிலும் பலருக்கு நோய். பலசாலிகள் வராததால் வரத்து குறைவு, எடுப்பு அதிகம். சில நாள் தேனாண்டிக்கு அரை வயிறுதான்.

வரியன் சும்மா இருக்கவில்லை. மலையனைத் தேடிப் போனான்.

“உங்களை மாதிரி ஆரோக்கியமானவர் அந்த நோஞ்சான் கூட்டத்தில் சேரலாமா? என்னோடு ஓர் ஒப்பந்தம் போடுங்கள். அவ்வப்போது கொஞ்சம் இளம் மூங்கில் குருத்து கொடுத்தால் போதும். உங்களுக்கு என்ன வந்தாலும் இலை இலவசம்!”

“அட, இது மலிவாக இருக்கிறதே!” என்றான் மலையன். காட்டுப்பன்றியும் கலைமானும் சேர்ந்தார்கள்.

பஞ்சனும் ஆசைப்பட்டுப் போனான். “உனக்குச் சொறி இருக்கிறதே! உன்னைச் சேர்த்தால் எனக்கு நஷ்டம்!” என்று வரியன் விரட்டிவிட்டான்.

தேனாண்டிக்கும் தூது வந்தது. திரும்பி வந்தால் முன்பைவிட இரண்டு மடங்கு தேன்! அன்று பொந்தில் காய்ந்த புல்லும் நாலைந்து நாவல்பழமும்தான் கிடந்தன.

“பசிக்கிறது, முள்ளாயி” என்றார் தேனாண்டி.

முள்ளாயி தன் கிழங்கை அவர் முன்னால் வைத்தாள். “போக வேண்டும் என்றால் போங்கள். நான் மறிக்க மாட்டேன். ஆனால் நீங்கள் போனாலும் நான் விட மாட்டேன். எனக்கு இலை தெரியாதுதான். ஒவ்வோர் இலையாக நானே தின்று பார்த்துக் கற்றுக்கொள்வேன்!”

“தின்றால் செத்துப் போவாய்!”

“அந்த வாசலில் போய் நிற்பதற்கு அது மேல்!”

தேனாண்டி கிழங்கை எடுத்தார். பாதியைக் கடித்துவிட்டு மீதியை அவளிடமே தள்ளினார். “அன்றைக்கு முயல் குட்டிக்கு இலையே இல்லாமல், நல்ல தண்ணீரில் குளிப்பாட்டியே சொறியை ஆற்றினேன். அப்படி வைத்தியம் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா? போய்யா உன் தேனும் நீயும் என்று அவனிடம் போய்ச் சொல்லட்டும் அந்தத் தூதன்!”

மழை வந்தது. காடு பச்சைப்பசேல் என்று ஆனது. மழையோடு ஒரு நோயும் வந்தது. வாயெல்லாம் கொப்புளம். குளம்பு இடுக்கெல்லாம் புண். மேய முடியாது, நடக்க முடியாது. குளம்பு உள்ளவர்களைத்தான் அது முதலில் பிடித்தது. காட்டுப்பன்றியைப் பிடித்தது. கலைமானைப் பிடித்தது. ஒருநாளும் படுக்காத மலையனையும் பிடித்தது.

மூவரும் நொண்டிக்கொண்டு குகைக்குப் போனார்கள்.

“வரியா, ஒப்பந்தப்படி இலையைக் கொடு!” என்றான் மலையன்.

வரியன் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான். “அடடா! நாம் பேசியது காயத்துக்கு மட்டும்தானே! கொப்புளம் அதில் வராதே!”

“என்ன வந்தாலும் என்று சொன்னாயே!”

“காயத்தில் என்ன வந்தாலும் என்றுதான் சொன்னேன். இதற்குத் தனி விலை!”

கலைமானால் வலி தாங்க முடியவில்லை. தன் இனம் மேய்கிற புல்வெளியையே வரியனுக்கு விட்டுக்கொடுப்பதாகச் சொன்னான். வரியன் சந்தோஷமாக இடுக்குக்குள் போனான். தேனாண்டி இல்லாததால் அவனே இலை பறித்தான். கண்ணுக்குப் பட்டதை எல்லாம் பறித்துக் கொண்டு வந்தான்.

கலைமான் தின்றான். வாயில் நுரை தள்ளியது. அப்படியே குகை வாசலில் சரிந்தான். வரியன் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டான்.

அதைப் பார்த்த மலையன் அங்கே நிற்கவில்லை. காட்டுப்பன்றியைக் கூட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் முனகியபடி குளத்தங்கரைக்கு வந்தான்.

“முள்ளாயி, எனக்குக் கொஞ்சம் இலை வேண்டும்.” அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வந்தது.

கெண்டையன் குதித்தான். “ஒரு குருத்துகூட இந்தப் பொந்தில் போடாதவன்! இவனுக்கு எங்கள் இலையா? போகச் சொல்லுங்கள்!”

“ஆமாம், போகட்டும்!” என்று அணிலும் மயிலும் கத்தினார்கள்.

முள்ளாயிக்கும் கோபம் இருந்தது. முட்கள் தாமாகவே சிலிர்த்தன. ஆனால் அவள் குளத்தைப் பார்த்தாள்.

“இவனைத் துரத்தலாம். ஆனால் இவன் எங்கே போவான்? இந்தத் தண்ணீரைத்தான் குடிப்பான். இவன் வாய்ப்புண் எச்சில் இதில்தான் விழும். இதையேதான் நாளைக்கு நம் குட்டிகள் குடிக்கும். இவன் புண் ஆறாமல் இருக்கிற வரைக்கும் நம்மில் யாருக்கும் பாதுகாப்பு இல்லை. வைத்தியரே, இலையைக் கொடுங்கள்!”

தேனாண்டி இலையை மென்று மலையனின் குளம்பில் கட்டினார். காட்டுப்பன்றிக்கும் கட்டினார். நோயாளிகள் எல்லாரும் குளத்தின் கீழ் மடையில்தான் குடிக்க வேண்டும், மற்றவர்கள் மேல் ஓடையில் குடிக்க வேண்டும் என்று கட்டளை போட்டார். கலைமானின் கூட்டத்தையும் தேடிப் போய்ப் பார்த்தார். கட்டுக் கட்டாகக் கொடுத்த காலமாக இருந்தால் குளக்கரைக் கொடி இரண்டு பேருக்கே போதாமல் போயிருக்கும். அளந்து கொடுத்ததால் எல்லாருக்கும் வந்தது. புண்கள் காய்ந்தன. நோய் காட்டை விட்டுப் போனது.

மலையன் எழுந்து நடந்த அன்று முள்ளாயி எல்லாரையும் கூட்டினாள்.

“சேருகிறாயா என்று இனி யாரையும் கேட்கப் போவதில்லை! இந்தக் குளத்தில் வாய் வைக்கிற ஒவ்வொருவரும் பங்கு போட வேண்டும். பெரியவர் பெரிய பங்கு, சின்னவர் சின்னப் பங்கு. நோய் வந்த பிறகு ஓடி வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று யாரும் காத்திருக்கக் கூடாது!”

காட்டுப்பன்றி முணுமுணுத்தான். “நலமாக இருக்கிறவன் ஏன் கொடுக்க வேண்டும் என்று மலையன் அன்றைக்குக் கேட்டானே. அதற்கு நீ பதிலே சொல்லவில்லையே!”

“இப்போது சொல்கிறேன். நலமாக இருக்கிறவனால்தான் கொடுக்க முடியும்! படுத்துக் கிடக்கிறவன் எதைத் தேடிக் கொண்டு வருவான்?”

மலையன் போனான். வாய் நிறைய மூங்கில் குருத்தோடு வந்தான். பொந்தில் போட்டான். மறுபடியும் போனான். அன்று முழுக்க அவன் போய் வந்துகொண்டே இருந்தான். பொந்து முதல்முறையாக நிரம்பியது.

அதற்குப் பிறகு வரியனின் குகை வாசலில் ஒரு நாவல்பழம்கூட விழவில்லை. கத்திப் பார்த்தான். விலையைக் குறைத்துப் பார்த்தான். “பாதி விலை! கால் விலை!” என்றான். யாரும் போகவில்லை. உட்கார்ந்தே தின்று பழகியவன் மறுபடியும் எழுந்து இரை தேட வேண்டி வந்தது.

கோடை திரும்பியபோது அவனுக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகித் தாடையே வீங்கிவிட்டது. எலும்பைக் கடிக்க முடியவில்லை. தண்ணீர்கூடச் சுட்டது. ஒருநாள் காலையில் வாயில் ஒரு பெரிய தேனடையைக் கவ்விக்கொண்டு குளத்தங்கரைக்கு வந்தான்.

மருதமரத்தடியில் தேனாண்டி ஒரு முயல் குட்டியின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். வரியன் எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போய் அடையைக் கீழே போட்டான்.

“வைத்தியரே! முதலில் என்னைப் பாருங்கள்! என்ன விலை கேட்டாலும் தருகிறேன்!”

முள்ளாயி குறுக்கே வந்து நின்றாள். அவளைப் பார்த்ததும் வரியனின் மூக்கு தானாகவே சுருங்கியது. இவள் இவனை விரட்டப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். விரட்டியிருந்தால் ஒருவரும் தப்புச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முள்ளாயிக்கும் கூரானின் முகம் ஞாபகம் வந்தது. அவள் மூச்சை இழுத்து விட்டாள்.

“அடையைப் பொந்தில் போடுவதானால் போடு. அது உன் பங்கு. ஆனால் அதைக் காட்டி முன்னால் போக முடியாது. இங்கே விலை இல்லை, வரியா! வரிசை இருக்கிறது. பின்னால் போய் நில்!”

“எனக்கு உயிர் போகிற வலி!”

“தெரிகிறது. அதனால்தான் உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை!”

வரியன் சுற்றிப் பார்த்தான். மலையன் கொம்பைத் தாழ்த்தி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். கெண்டையன் வாலை ஆட்டாமல் நின்றான். ஒருவர்கூடத் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை. வரியன் மெல்லப் பின்வாங்கி, கடைசியில் நின்ற பஞ்சனுக்குப் பின்னால் போய் நின்றான்.

அவன் முறை வந்தது. தேனாண்டி பல்லைப் பிடுங்கி, இலையை வைத்து அடைத்து அனுப்பினார். வரியன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். ஆனால் தாடை வீக்கம் வடிந்த பிறகு, ஒரு மத்தியானம், எல்லாரும் பார்க்கும்படி நாலு முட்டையைக் கொண்டு வந்து பொந்தில் வைத்துவிட்டுப் போனான்.

படுத்த பிறகு தனியாக நின்று விலை பேசுகிறவன் கேட்டதைக் கொடுத்தே தீர வேண்டும். நலமாக இருக்கும்போதே எல்லாரும் சேர்ந்து பங்கு போட்டு வைக்கிற இடத்தில்தான் நோயாளி யார் வாசலிலும் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை.